17 சேக்கல் நிலம்

அன்பானவர்களே, எரேமியா 32-ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். யூதாவை ஆண்ட சிதேக்கியா ராஜாவின் பத்தாம் வருஷம். பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி மண்மேடு எழுப்பிக்கொண்டிருக்கிறது. உள்ளே பஞ்சம். காவல்சாலையின் முற்றத்தில் அடைபட்டிருக்கும் தீர்க்கதரிசி எரேமியாவுக்கு அப்பம் சுடுகிறவர்களின் தெருவிலிருந்து நாளுக்கு ஓர் அப்பம் வருகிறது. அதுவும் ஊரில் அப்பம் இருக்கும்வரைதான். நகரம் விழும் என்று அவர் சொன்னதுதான் குற்றம்.

அங்கே அவருடைய பெரியப்பா மகன் அனாமெயேல் வந்து நிற்கிறான். ஆனதோத்தில் உள்ள என் நிலத்தை நீர் வாங்கிக்கொள்ளும், நெருங்கிய உறவினராக அதை மீட்கும் உரிமை உமக்குத்தான் என்கிறான். ஆனதோத் எருசலேமிலிருந்து நடந்து போகிற தூரம்தான். ஆனால் வெளியே நிற்பது எதிரியின் படை. போதாததற்கு, முன்பு எரேமியாவின் உயிரை வாங்கத் தேடியவர்களே அந்த ஊர்க்காரர்கள். அவருக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. கல்யாணம் வேண்டாம் என்று கர்த்தரே தடுத்திருந்தார். வாங்கினாலும் யாருக்கு விட்டுப் போவார்?

வாங்கினார். வாங்கிய விதத்தைப் பாருங்கள். தராசில் 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கிறார்; சேக்கல் என்பது அந்நாளைய எடை அளவு. பத்திரத்தில் கையெழுத்து, முத்திரை, சாட்சிகள். முத்திரை போட்டது ஒன்று, திறந்தது ஒன்று என இரண்டு பிரதிகள். முற்றத்தில் உட்கார்ந்திருந்த எல்லோர் முன்னிலையிலும் அவற்றைத் தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுத்து, நெடுநாள் இருக்கும்படி ஒரு மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார். 1947-ல் சவக்கடல் அருகே குகையில் கிடைத்த சுருள்கள் ஏறத்தாழ 2000 ஆண்டுகள் ஜாடிக்குள் காத்திருந்தவைதானே. நாளைக்கே வீடு திரும்பப் போகிறவன்கூட இத்தனை கவனமாகக் கிரயம் முடிக்கமாட்டான்.

அடுத்து வருவதை நாம் அவசரமாகத் தாண்டிவிடுகிறோம். பத்திரத்தைக் கொடுத்த பிறகுதான் எரேமியா ஜெபிக்கிறார். "உம்மாலே செய்யக்கூடாத அதிசயமான காரியம் ஒன்றுமில்லை" என்று தொடங்குகிறவர், முடிவில் கலங்கிவிடுகிறார். ஆண்டவரே, நகரமே கல்தேயராகிய பாபிலோனியர் கைக்குப் போகிறது, என்னை நிலம் வாங்கச் சொன்னீரே என்கிறார். கலக்கம் வந்தால் விசுவாசம் போய்விட்டது என்று ஒருவரையொருவர் குற்றப்படுத்துகிறோமே, அது வேதம் சொல்லாத குற்றச்சாட்டு. அவர் வெள்ளியை நிறுத்த கையும் கலங்கின மனதும் ஒரே ஆளுடையவை.

என் தகப்பனார் கடைசியாக மருத்துவமனையில் இருந்தபோது, இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்று மாலை அம்மா அவருடைய ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையைத் தையல்காரரிடம் கொடுத்தார். இரண்டு பக்கமும் பிடித்துத் தையுங்கள், ஆள் மெலிந்துவிட்டார் என்றார். அம்மாவுக்குப் புரியவில்லை என்றே நான் நினைத்தேன். எட்டாம் நாள் அதே சட்டையில்தான் அப்பாவை அடக்கம் செய்தோம். அளவு சரியாக இருந்தது. கல்லறையில் அம்மா அழுதார், நிறையவே அழுதார். அழுதுகொண்டே, இந்தச் சட்டையோடுதான் எழுந்திருப்பார் என்றார். உயிர்த்தெழுதலைப் பற்றி நான் எத்தனையோ பிரசங்கம் செய்திருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தின் பக்கத்தில் வைக்க என்னிடம் எதுவும் இல்லை.

எரேமியா அந்த நிலத்தில் கால் வைத்தாரா? வேதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. நகரம் விழுந்தது, ஆலயம் எரிந்தது, மிஞ்சியவர்கள் அவரை எகிப்துக்குக் கொண்டுபோனார்கள். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடுகளும் நிலங்களும் திராட்சத்தோட்டங்களும் வாங்கப்படும் என்ற வாக்கு அந்தப் பானைக்குள் கிடந்தது.

இப்போது எஸ்றா 2-ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். பெர்சிய ராஜா கோரேசின் நாட்களில் பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களின் பட்டியல். பெயர், எண், பெயர், எண் என்று போகும். பலர் படிக்காமலே புரட்டிவிடும் பக்கம். 23-ஆம் வசனத்தில் விரலை வைத்து நிறுத்துங்கள்: ஆனதோத்தின் மனிதர், 128 பேர்.