கடவுளை வாதத்துக்கு அழைத்தவர்கள்

(நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை தாங்கும் பேராசிரியர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் பேரூராட்சி மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, வரவேற்புரையில் என்னைப் பற்றி அளவுக்கு மீறிச் சொல்லிவிட்ட வட்டச் செயலாளர் அவர்களே, இந்த அரங்கை இலவசமாகத் தந்து, நாற்காலி போடவும் தாமே முன்நின்ற நூலகர் அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, பள்ளிச் சீருடையோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் பேரப் பிள்ளைகளே, உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஓதுவார் மூர்த்தி ஐயாவைத் தனியாக வணங்க வேண்டும். ‘மந்திரமாவது நீறு’ என்று காந்தாரப் பண்ணில் அவர் எடுத்ததும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட உள்ளே வந்துவிட்டார்கள். என் பேச்சுக்குக் கூடிய கூட்டத்தில் பாதி அவர் குரலுக்குக் கூடியது. ஐயா நீண்ட நாள் வாழ வேண்டும்.

‘இந்துச் சமய இறையியல் உலகச் சமயத் தத்துவத்துக்குத் தந்தது என்ன’ என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. மூன்று செய்திகள் சொல்ல நினைத்து வந்திருக்கிறேன். கடவுள் உண்டு என்பதற்கு நம்மவர்கள் சொன்ன நியாயம் ஒன்று. உயிர் என்பது என்ன, அதற்கும் கடவுளுக்கும் என்ன உறவு என்பது இரண்டு. கடவுள் இருக்கும்போது உலகத்தில் ஏன் இத்தனை துன்பம் என்பது மூன்று.

அதற்கு முன் ஒரு பழமொழி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. என் பேச்சைக் கேட்டவர்களுக்கு நான் இதை எங்கும் சொல்வேன் என்று தெரியும். இன்றைக்கு இதைச் சொல்ல வலுவான காரணம் இருக்கிறது.

முதல் செய்திக்கு வருகிறேன். 13ஆம் நூற்றாண்டு. ஐரோப்பாவில் கிறித்தவ இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் கடவுள் உண்டு என்று நிறுவ ஐந்து வழிகளை எழுதுகிறார். அதே நூற்றாண்டில் நடுநாட்டில் திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்டார் பன்னிரண்டே சூத்திரத்தில் சைவ சித்தாந்தத்தின் தலையாய நூலான சிவஞானபோதம் தருகிறார். முதல் சூத்திரத்தைக் கேளுங்கள்:

அவன்அவள் அதுஎனும் அவைமூ வினைமையின்
தோற்றிய திதியே ஒடுங்கி மலத்துளதாம்
அந்தம் ஆதி என்மனார் புலவர்.

மூன்றே அடி. அவன், அவள், அது என்று சுட்டிக் காட்டக்கூடிய எதுவும் தோன்றுகிறது, நிற்கிறது, ஒடுங்குகிறது. பகுதி பகுதியாக இப்படி இருப்பதால் உலகம் முழுவதும் அப்படித்தான். அறிவில்லாத பொருள் தானாகத் தோன்றாது, தோற்றுவிப்பவன் வேண்டும். எவனிடத்தில் ஒடுங்கியதோ அவனிடமிருந்தே மீண்டும் தோன்றும். ஆகையால் ஒடுக்குகிறவனே முதல்வன். சரி, ஒடுங்கியது ஏன் மறுபடி தோன்ற வேண்டும்? உயிர்களின் மலம், அதாவது அவற்றைப் பிணித்திருக்கும் அழுக்கு, இன்னும் தீரவில்லை, அதற்காக. அக்வினாஸ் அசைவிலிருந்து பின்னோக்கிப் போய் முதல் அசைப்பவனிடம் நிற்கிறார். மெய்கண்டார் எல்லாம் ஒடுங்கிய பிறகு எஞ்சி நிற்பவன் யார் என்று கேட்கிறார். படைத்தது எதற்கு என்ற கேள்விக்கும் அதே மூச்சில் விடை சொல்லிவிடுகிறார்.

இதை நம் நாட்டில் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள் என்று எண்ண வேண்டாம். மிதிலையில் உதயனர் ‘நியாய குசுமாஞ்சலி’ எழுதி அனுமானத்தால், அதாவது கண்டதைக் கொண்டு காணாததை அறியும் நியாயத்தால், ஈசுவரனை நிறுவினார். ஸ்ரீபெரும்புதூரில் அவதரித்த ராமானுஜரோ அனுமானத்தால் கடவுளை நிறுவவே முடியாது, வேதம் ஒன்றே சான்று என்று ஸ்ரீபாஷ்யத்தில் வாதிட்டார். குடத்துக்குக் குயவன் உண்டு, சரி. ஆனால் மண்ணும் மலையும் கடலும் ஒரே காலத்தில் ஒருவனால் ஆனவை என்பதற்கு என்ன சான்று? நாம் கண்ட கர்த்தாக்கள் எல்லாரும் உடம்புள்ளவர்கள் ஆயிற்றே? இப்படிக் கேட்டவர் நாத்திகர் இல்லை, திருமாலின் திருவடியே தஞ்சம் என்று வாழ்ந்த ஆசாரியர். ஒரு கப்பலைப் பலர் கூடிக் கட்டுகிறார்களே, உலகத்தையும் பல தெய்வங்கள் கூடிக் கட்டியிருக்கலாமே என்று ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் கேட்ட நூல் 1779இல் வெளிவந்தது. ராமானுஜர் அவருக்குப் பல நூற்றாண்டு முந்தியவர். உலகத்துக்கு நாம் தந்தது என்ன என்றால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். பக்தியில் முழுகியவர்களே பக்திக்கு எதிரான கேள்வியை முழு வலிமையோடு கேட்டார்கள்.

இங்கே மெய்கண்டார் கதையைச் சொல்லாமல் போனால் பெரியவர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள்.

பெண்ணாகடத்து அச்சுத களப்பாளருக்குப் பிள்ளையில்லை. குலகுரு சகலாகம பண்டிதர் தேவாரத் திருமுறையில் கயிறு சாத்திப் பார்க்கிறார், அதாவது ஏட்டுக்கட்டில் கயிற்றை நுழைத்து, அந்த இடத்தில் வரும் பாட்டைக் குறியாகக் கொள்கிறார். சம்பந்தர் பாடிய திருவெண்காட்டுப் பதிகம் வருகிறது, ‘பேயடையா பிரிவெய்தும்’ என்று. கணவனும் மனைவியும் திருவெண்காட்டுக்குப் போய் முக்குளத்தில் நீராடி நோன்பிருக்கிறார்கள். ஆண் குழந்தை பிறக்கிறது. சுவேதவனப் பெருமாள் என்று பெயர் வைக்கிறார்கள். அந்தக் குழந்தைக்குப் பரஞ்சோதி முனிவர் உபதேசம் செய்ய, பால்வாய் மாறாத வயதில் பாடம் சொல்லத் தொடங்கிவிடுகிறது!

பண்டிதரின் மாணாக்கர்கள் ஒருவர் பின் ஒருவராக அங்கே போய்விடுகிறார்கள். பண்டிதருக்குப் பொறுக்குமா? இருபத்தெட்டு ஆகமமும் தலைகீழாகத் தெரிந்தவர். அவர் கயிறு சாத்திப் பிறந்த பிள்ளை! கோபத்தோடு புறப்பட்டு வந்து நிற்கிறார். குழந்தை ஆணவ மலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறது. வந்தவரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பண்டிதர் குரலை உயர்த்தி, ‘ஆணவத்தின் சொரூபம் எப்படி இருக்கும்?’ என்கிறார்.

குழந்தை வாய் திறக்கவில்லை. அவரை உள்ளங்காலிலிருந்து உச்சி வரை ஒரு பார்வை பார்த்து, விரலை மட்டும் அவர் பக்கம் நீட்டியது.

(கைதட்டல்)

அவ்வளவுதான். வெட்டிய மரம்போல அந்தப் பிள்ளையின் காலில் விழுந்தார் பண்டிதர். அருணந்தி சிவாசாரியார் ஆனார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதைத் தம் உடம்பாலேயே கண்டுகொண்டவர் அவர்.

எழுந்தவர் சும்மா இருந்தாரா? சிவஞான சித்தியார் எழுதினார். அதில் பரபக்கம் என்று ஒரு பகுதி. உலகாயதர் தொடங்கிப் பௌத்தரில் நால்வர், சமணர், ஆசீவகர், மீமாஞ்சகர், மாயாவாதி, சாங்கியர், பாஞ்சராத்திரி என்று பதினான்கு மதத்தாரை வரிசையாக நிறுத்துகிறார். ஒவ்வொருவரின் கட்சியையும் முதலில் அவர் வாயாலேயே பேச வைக்கிறார், பிறகே மறுக்கிறார். கடவுளே இல்லை என்பவனுக்கு முதல் நாற்காலி! பல சமயங்களும் ஒன்றோடொன்று ஒவ்வாமல் இருக்க, எது சமயம் என்று கேட்டால், ‘இதுவாகும் அதுவல்லது எனும் பிணக்கது இன்றி’ நீதியினால் எல்லாவற்றையும் ஓரிடத்தே காண நிற்பது எதுவோ அதுவே சமயம் என்று, தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கப் பகுதியில் விடை தருகிறார்.

வெளிநாட்டார் இதைக் கவனித்தார்கள். ஹொய்சிங்டன் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1854இலேயே சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் தந்தார். நம்மவரான ஜே. எம். நல்லசாமிப் பிள்ளை 1895இல் மொழிபெயர்த்தார். ஷோமெரஸ் 1912இல் சைவ சித்தாந்தம் பற்றி ஜெர்மனில் பெரிய நூலே எழுதினார். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு என்ன கொடுத்தோம்? ஒரு கல்லூரியின் சமயத் தத்துவப் பாடத்திட்டத்தை வாங்கிப் பார்த்தேன். பெயர் வேண்டாம். அக்வினாஸுக்கு ஓர் அலகு, ஹியூமுக்கு ஓர் அலகு. இருக்கட்டும், அவர்களையும் படிக்கத்தான் வேண்டும். மெய்கண்டாருக்கு ஒரு வரி இல்லை, ராமானுஜருக்கு ஒரு வரி இல்லை. இதைக் கண்டு எனக்கு வயிறு எரிகிறது, ஐயா! வீட்டிலோ கண்ணாடி அலமாரியில் சாத்திர நூல்களுக்குப் பொட்டு வைத்துப் பூப் போடுகிறோம், புரட்டுவதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றால், அந்த ஏட்டைத் திறக்கவாவது வேண்டாமா?

அதற்காகத்தான் ஊர் ஊராகக் கேட்டு வருகிறேன். வாரத்தில் ஒரு மாலை, ஒன்றரை மணி நேரம், ஒரு பொது இடம். சித்தியார் பரபக்கத்தை வைத்துப் பிள்ளைகள் வாதிட வேண்டும். ஒரு பிள்ளை உலகாயதனாக நிற்கட்டும், இன்னொரு பிள்ளை சித்தாந்தியாக நிற்கட்டும். அடுத்த வாரம் இடம் மாறட்டும். மனிதர் ஒவ்வொருவருக்கும் தாய் உண்டு என்பதால் மனித குலத்துக்கே ஒரு தாய் உண்டு என்று ஆகுமா என்று 1948இல் பிபிசி வானொலியில் ஆங்கிலத் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் கேட்டார். மெய்கண்டார் பகுதியிலிருந்து முழுமைக்குப் போன அந்த இடத்திலேயே கைவைக்கிற கேள்வி இது. லேசான கேள்வி இல்லை. பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி முதல் சூத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதற்கு விடை தேடுவதை நான் பார்க்க வேண்டும்.

தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். உயிரைப் பற்றியும் துன்பத்தைப் பற்றியும் விரிவாகப் பேச இன்னொரு மேடை தருவார் என்று நம்புகிறேன். அம்மையார் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பூட்டிக் கிடக்கும் பேரூராட்சிச் சமுதாயக் கூடத்தின் பின் அறையைச் சனிக்கிழமை மாலை மட்டும் எங்களுக்குத் திறந்துவிட ஆவன செய்ய வேண்டும். மின்கட்டணத்தை வாசகர் வட்டம் ஏற்கும் என்று செயலாளர் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

நூலகர் மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. பெயரும் வகுப்பும் எழுதிக் கொடுங்கள். முதல் பாடம் உலகாயதன் கட்சி. கடவுள் நம்பிக்கை இல்லாத பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் வர வேண்டும், அந்தப் பக்கம் பேச ஆள் தேவை.

நன்றி, வணக்கம்.