கீறல் விழுந்த ஸ்ப்ளெண்டரை யாரிடம் விற்பது?

வணக்கம் மக்களே. இன்றைக்கு வண்டி ஓட்டிக் காட்டப் போவதில்லை. ஓட்ட வண்டி இல்லை, போன ஞாயிற்றுக்கிழமைதான் விற்றேன். அசோக் நகரில் எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் நின்றுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். கீழே தரையில் கறுப்பாக ஒரு ஆயில் கறை தெரிகிறதா? வாங்கிய நாளிலிருந்து வண்டி அங்கேதான் நின்றது. அம்மா மூன்று நாளாகத் தேய்க்கிறார், போகவில்லை.

2016 மாடல் ஸ்ப்ளெண்டர் பிளஸ். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அப்பாவின் ஸ்கூட்டர் மூழ்கிப்போய், அடுத்த மாதம் வாங்கியது. நான் கியர் வண்டி பழகியது அதில்தான். அப்புறம் தங்கை, அப்புறம் சித்தப்பா பையன்கள் இரண்டு பேர். இடது பக்க இண்டிகேட்டரை மூன்று தடவை மாற்றியிருக்கிறேன். மூன்றும் வேறு வேறு ஆட்கள் கணக்கு.

முதலில் பழைய வண்டி வாங்கி விற்கும் ஒரு கன்சல்டிங்குக்குத்தான் எடுத்துப் போனேன். அங்கே இருந்தவர் ஒரு சுற்று சுற்றி வந்தார், சைலன்சரில் இருந்த கீறலைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். "18 தர்றேன் தம்பி, அதுவே ஜாஸ்தி. 29, 30 ரெண்டு ஃபார்ம்லயும் கையெழுத்து மட்டும் போட்டுக் குடுத்துடுங்க. தேதி, பேரு எல்லாம் நாங்க பாத்துக்கறோம்." 29, 30 என்றால் ஓனர் பெயரை மாற்ற ஆர்.டி.ஓ.வுக்குக் கொடுக்கும் ஃபார்ம்கள். விலையைக் கேட்டபோதுகூட எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தக் கடைசி வரியைக் கேட்டதும் வண்டியை உதைத்துக் கிளப்பிவிட்டேன்.

காரணம் அந்த மூழ்கிய ஸ்கூட்டர். அப்பா அதை இதே மாதிரி வெறும் ஃபார்மில் கையெழுத்துப் போட்டு ஒரு புரோக்கரிடம் கொடுத்தார். இரண்டு வருடம் கழித்து, ஹெல்மெட் போடாமல் முட்டுக்காட்டில் போனதாக அப்பா பெயருக்கு அபராதம் வந்தது. அப்பா ஈ.சி.ஆர். பக்கம் போயே பல வருடம். அபராதம் என்றால் கட்டித் தொலைக்கலாம், விபத்து என்றால்? 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கார் பல கை மாறிப் போயிருந்தும், ஆர்.சி.யில் யார் பெயர் இருந்ததோ அவர்தான் சட்டப்படி ஓனர், நஷ்டஈட்டுக்கும் அவரே பொறுப்பு. விற்று முடித்துவிட்டேன் என்று சொன்னது எடுபடவில்லை.

சரி, விலைக்கு வருவோம். கன்சல்டிங்காரர் எதையெல்லாம் காட்டி விலையைக் குறைத்தாரோ, அதெல்லாம் புதிதாகப் பழகுகிற ஒருவருக்கு நல்ல விஷயம். யோசித்துப் பாருங்கள். புது வண்டியில் பழகுகிறவன் கவனம் ரோட்டில் இருக்காது, கீறல் விழுந்துவிடுமோ என்றுதான் இருக்கும். ஏற்கெனவே கீறல் விழுந்த வண்டியில் அந்தப் பயம் கிடையாது. எடை சுமார் 110 கிலோ, சாய்ந்தால் ஒரு காலை ஊன்றிப் பிடித்துவிடலாம். 195 கிலோ கிளாசிக் 350 சாய ஆரம்பித்தால் பிடிக்காதீர்கள், விட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். சீட் உயரம் 785 மில்லிமீட்டர்தான், என் தங்கைக்கே இரண்டு பாதமும் தரையில் பட்டது. கியரும் குழப்பம் இல்லை, நியூட்ரலில் இருந்து நாலும் முன்பக்கம் மிதித்தால் போதும். இதில் பழகிவிட்டு, கியர் வரிசை வேறாக இருக்கும் பல்சருக்குப் போனால் கொஞ்ச நாள் கால் தடுமாறும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆக, விளம்பரத்தில் முதல் போட்டோவே சைலன்சர் கீறல்தான் போட்டேன். "கற்றுக்கொள்பவர்களுக்கு ஏற்றது. நாலு பேர் பழகிய வண்டி. 2023 வெள்ளத்தில் நின்றது." கடைசி வரியைப் பார்த்த நண்பன் எனக்குப் பைத்தியம் என்றான். ஆனால் சென்னையில் பழைய வண்டி வாங்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வியே "தண்ணி ஏறின வண்டியா?" என்பதுதானே. அந்த வருடம் மிக்ஜாம் புயல் வந்தபோது இதே போர்ட்டிகோவில் ஃபுட்ரெஸ்டுக்கு மேல் தண்ணீர். வடிந்ததும் பக்கத்துத் தெருவில் எல்லோரும் கிக்கரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் சாவியே போடவில்லை, தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போனேன். அவர் டிரெயின் போல்ட்டைக் கழற்றியதும் ஆயில் பால் காபி நிறத்தில் இறங்கியது. தண்ணீர் கலந்தால் அப்படித்தான் இருக்கும். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்திருந்தால் பேரிங்கிலிருந்து எல்லாம் போயிருக்கும். இரண்டு தடவை ஆயில் மாற்றி, கார்புரேட்டரைக் கழுவி, ஏர் ஃபில்டர் புதிது போட்டோம். அந்த பில்லையும் போட்டோ எடுத்துப் போட்டேன்.

பெயின்ட் அடிக்கவில்லை. அடித்தால் மூவாயிரம் ஆகும், பழகுகிறவர் முதல் வாரமே அதைத் தரையில் தேய்த்துவிடுவார். அந்தக் காசுக்கு கிளட்ச் கேபிள், முன்னும் பின்னும் பிரேக் ஷூ மாற்றினேன். லெக் கார்டைக் கழற்றித் தனியாக விற்கச் சொன்னார்கள். பழகுகிற வண்டியில் அதைக் கழற்றினால் என்ன நியாயம்?

போன்கள் வந்தன. ஒருவர் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, வண்டியைப் பார்க்காமலே முழுப் பணமும் தருவதாகச் சொல்லி, ஒரு க்யூ.ஆர். கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொன்னார். பணம் நமக்கு வர ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பிளாக்.

மூன்றாவது நாள் ஜாபர்கான்பேட்டையிலிருந்து ஒரு அப்பாவும் மகளும் வந்தார்கள். அவளுக்கு வேலை கிண்டியில், பழகுவதற்கான எல்.எல்.ஆர். லைசென்ஸ் எடுத்து இரண்டு வாரம். அப்பா ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து "இன்ஜின் ஓகே தம்பி" என்றார். நான் "சார், ஓட்டப் போறது பாப்பாதானே, அவங்க உக்காந்து பாக்கட்டும்" என்றேன். உட்கார்ந்தாள், பாதம் இரண்டும் தரையில் பதிந்தது. ஆனால் கிளட்சைப் பிடிக்கும்போது விரல் எட்டவில்லை. லீவர் பக்கத்தில் இருக்கும் அட்ஜஸ்டரைக் கொஞ்சம் திருகி, கேபிளுக்கு இன்னும் சற்று லூஸ் கொடுத்தேன். இப்போது லீவர் கைப்பிடிக்குக் கிட்டே வந்த பிறகுதான் கிளட்ச் வேலை செய்தது, விரலுக்கும் எட்டியது. ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் மெதுவாக விடச் சொன்னேன். நாலு தடவை ஆஃப் ஆனது. ஐந்தாவது தடவை வண்டி தானாக நகர்ந்தது. தெருக்கோடி வரை காலைத் தரையில் உரசிக்கொண்டே போனாள், திரும்பி வரும்போது காலைத் தூக்கி வைத்திருந்தாள். "அண்ணா, எட்டு போட இது வளையுமா?" என்றாள். வளையும், என் தங்கை லைசென்ஸ் டெஸ்டுக்கு இதில்தான் கே.கே. நகரில் எட்டு போட்டாள்.

நான் சொன்ன விலை 32,000. சார் 25-இல் ஆரம்பித்தார். பின் டயர் அடுத்த மழைக்குள் மாற்ற வேண்டும் என்று நானே காட்டினேன். 27,500-க்கு முடிந்தது.

பேப்பர் விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள். 29, 30 இரண்டிலும் வாங்குகிறவர் பெயர், தேதி எல்லாம் நிரப்பிய பிறகுதான் கையெழுத்து. ஒரே மாநிலத்துக்குள் என்றால், விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவருக்கு 30 நாள். இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றச் சொல்லி வாங்கியவர் விண்ணப்பிக்க வேண்டும். லோன் போட்டு வாங்கிய வண்டி என்றால் ஃபைனான்ஸ்காரரிடம் லோன் முடிந்ததற்கான ஃபார்ம் 35 வாங்காமல் விற்கக் கிளம்பாதீர்கள். வண்டியை ஒப்படைத்ததற்கு எழுதிக்கொள்ளும் டெலிவரி நோட்டில் தேதி மட்டுமில்லை, நேரமும் எழுதினேன்: காலை 11.20. அன்று சாயங்காலம் எங்காவது கேமராவில் வண்டி மாட்டினால் அந்த 11.20 பேசும். சாவியோடு ஒரு ஜோடி எல் ஸ்டிக்கரும் கொடுத்தேன், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. எல்.எல்.ஆரில் ஓட்டும்போது சொல்லிக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது என்பதை அப்பாவிடமே சொல்லிவிட்டேன், தோழிகள் கேட்டால் அவர் தலையில் பழி போடட்டும்.

இன்று காலை, வண்டி விவரம் காட்டும் அரசு ஆப் எம்-பரிவாகனில் நம்பரைப் போட்டுப் பார்த்தேன். ஓனர் பெயர் பாதி எழுத்து, பாதி நட்சத்திரமாகத்தான் காட்டும். அதிலும் இன்னும் என் பெயரின் முதல் எழுத்துதான். புதன்கிழமை மறுபடி பார்ப்பேன், மாறவில்லை என்றால் சாருக்கு ஒரு போன். அதுவரை பஸ்தான். 11ஜி-யா, 5-ஆ என்று பார்க்கவே மறந்துபோயிருக்கிறது.