தத்தெடுத்த நாயின் முதல் மூன்று மாதங்கள்

(மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், ஆலய மண்டபம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆலய நிர்வாகத்தினரே, தாமான் குடியிருப்புகளிலிருந்தும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, இளையோரே, உங்கள் அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

சாலையோரத்தில் அடிபட்டுக் கிடக்கும் நாயை எப்படித் தூக்குவது, யாரை அழைப்பது, எங்கே கொண்டுபோவது என்பதைச் சொல்லித் தர இந்த ஊரில் பலர் இருக்கிறார்கள். அதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றி மட்டும் நான் பேச வந்திருக்கிறேன். மீட்கப்பட்ட நாய் ஒரு குடும்பத்தோடு புறப்பட்டு, அவர்கள் வீட்டுக் கேட்டைத் தாண்டி உள்ளே காலடி வைக்கிறதே, அந்த நாள் தொடங்கி ஏறத்தாழ மூன்று மாதம் வரையிலான காலம் அது. எங்கள் மீட்புக் குழு கொடுத்த நாயை மனம் கசந்து திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் காலத்துக்குள்ளேதான் வருகிறார்கள். "சோறு வைத்தால் தொடுவதில்லை", "கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது", "பிள்ளையைப் பார்த்து உறுமிவிட்டது", "கேட் திறந்த நேரம் ஓடிப்போய்விட்டது" என்று காரணம் சொல்வார்கள். இவற்றில் ஒன்றுகூடக் கெட்ட நாய்க்கு அடையாளம் இல்லை. பயந்துபோன ஒரு நாய்க்குப் பயம் தெளியும் அவகாசம் கிடைக்கவில்லை என்பதைத்தான் இவை நான்கும் சொல்கின்றன. ஆகவே, வந்திருக்கும் நாயிடம் முதல் மூன்று மாதங்களுக்கு எதையும் கேட்காதீர்கள் என்பதுதான் இன்று உங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள். அன்பைக் கேட்காதீர்கள், விளையாட்டைக் கேட்காதீர்கள், காவலையும் நன்றியையும்கூடக் கேட்காதீர்கள்.

இந்த நாய்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை முதலில் பார்ப்போம். உங்களில் மூத்தவர்களுக்குத் தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்து வாழ்க்கை நினைவிருக்கும். லயத்து வாசல்களில் நாய்கள் கிடக்கும்; ஒருவருக்கென்று சொந்தம் இல்லாமல், எல்லார் வீட்டுச் சோற்றிலும் வளரும்; விடியற்காலையில் பால்வெட்டுக்குப் போகிறவர்களோடு நெற்றிவிளக்கு வெளிச்சத்தில் கூடவே நடக்கும்; பாம்பு கிடந்தால் குரைத்துக் காட்டும். ரப்பர் மரங்களை வீழ்த்திச் செம்பனை நட்ட காலத்திலும், தோட்ட நிலங்கள் வீடமைப்புத் திட்டங்களுக்குப் போன காலத்திலும் லயங்கள் காலியாயின. மக்கள் வரிசை வீடுகளுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் குடிபெயர்ந்தார்கள். அடுக்குமாடியில் பெரும்பாலும் நாய் வளர்க்க அனுமதி கிடைப்பதில்லை. தங்கள் இருப்பிடத்தையே தாங்கள் தேர்ந்தெடுக்க முடியாத நிலையில் இருந்த குடும்பங்கள் நாயை விட்டுவந்ததற்காக அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் நாய்கள் அங்கேயே நின்றுவிட்டன. செம்பனைக்குள் குட்டி போட்டன. அந்தக் குட்டிகளும் குட்டி போட்டன. காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிக் கண்ணியில் கால் அறுபட்டும், எலி விஷம் தின்றும், பெரிய சாலையில் அடிபட்டும் நம் கைக்கு வருகிறவற்றில் பல அந்த வழியில் பிறந்தவை.

இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாய்க்குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை எவற்றைப் பார்க்கிறதோ, கேட்கிறதோ, முகர்கிறதோ, அவற்றை உலகத்தின் இயல்பாக ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பிறகு எதிர்ப்படும் புதுப்பொருள் எதுவானாலும் முதலில் ஆபத்தாகவே அதற்குத் தோன்றும். செம்பனை மரத்தடியில் அந்த வாரங்களைக் கழித்த நாய்க்கு நம் வீட்டுக் கூடம் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வழுவழுப்பான தரை ஓட்டில் நகம் ஊன்ற முடியாமல் நான்கு காலும் நான்கு பக்கம் விலகும். தலைக்கு மேலே காற்றாடி சுற்றும்; அதை அது அண்ணாந்து பார்க்கும், உடனே வயிற்றைத் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு சுவரோரமாக நகரும். மிக்சி ஓடும். தொலைக்காட்சியில் யாரோ கத்துவார்கள். கூட்டுவதற்காக நீங்கள் துடைப்பத்தை எடுப்பீர்கள். துடைப்பத்தால் அடிபட்ட நாயாக இருந்தால், அந்த ஒரு நொடியில் உங்களைப் பற்றியும் ஒரு முடிவுக்கு வந்துவிடும்.

முதல் இரண்டு மூன்று நாட்களில் பல வீடுகளிலிருந்து எனக்குத் தொலைபேசி வரும். "ரொம்பச் சமத்தாக இருக்கிறது, சத்தமே இல்லை" என்பார்கள். மகிழ்ச்சியாகச் சொல்லும் அவர்களிடம் நான் சில கேள்விகள் கேட்பேன். உதட்டை அடிக்கடி நக்கிக்கொள்கிறதா? தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுகிறதா? தலையைத் திருப்பாமல் ஓரக்கண்ணால், வெள்ளை விழி தெரியப் பார்க்கிறதா? வால் வயிற்றுக்கடியில் போயிருக்கிறதா? வெயில் இல்லாத நேரத்திலும் மூச்சு இரைக்கிறதா? ஆமாம் என்றால் அந்த அமைதி பயத்தால் வந்த உறைவு. காப்பகங்களுக்குப் புதிதாக வந்த நாய்களைச் சோதித்தபோது, முதல் மூன்று நாட்களில் கார்டிசோல் என்னும் மன இறுக்கச் சுரப்பு அவற்றின் இரத்தத்தில் கூடுதலாக இருப்பதை ஆய்வாளர்கள் அளந்து கண்டிருக்கிறார்கள். புதிய இடம் எதுவானாலும், அது அன்பான வீடாகவே இருந்தாலும், நாயின் உடலுக்கு முதலில் அது ஓர் அதிர்ச்சிதான்.

மீட்புப் பணியில் இருப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: அதிர்ச்சி தணிய மூன்று நாள், வீட்டின் நடைமுறை பிடிபட மூன்று வாரம், இது தன் வீடு என்ற நம்பிக்கை வர மூன்று மாதம். அனுபவத்தில் பிறந்த தோராயக் கணக்கு இது. சில நாய்கள் ஒரே வாரத்தில் சோபாவில் ஏறிவிடும். சிலவற்றுக்கு ஓராண்டும் ஆகும். மூன்றாவது வாரத்தை ஒட்டி நாய் திடீரெனக் குரைக்கத் தொடங்குவதும், செருப்பைக் கடிப்பதும், சொன்ன பேச்சைக் கேளாமல் இருப்பதும் நடக்கலாம். "முதலில் நல்ல நாயாக இருந்தது, இப்போது கெட்டுவிட்டது" என்று பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். உண்மையில், அடக்கி வைத்திருந்த இயல்பு அப்போதுதான் வெளியே வருகிறது. கொஞ்சம் பயம் தெளிந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, அங்கிருந்து பொறுமையாகப் பழக்கத் தொடங்க வேண்டும்.

சரி, என்ன செய்ய வேண்டும்? வந்த அன்று குளிப்பாட்டாதீர்கள். அக்கம்பக்கத்தாரையும் உறவினரையும் கூப்பிட்டுக் காட்டாதீர்கள். கழுத்தில் மாலை போட்டுப் படம் எடுப்பதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் குறைந்த ஒரு மூலையில், மாடிப்படிக்குக் கீழோ பின்கட்டிலோ, பழைய போர்வை ஒன்றை விரித்து, தண்ணீர் வைத்து, அந்த இடத்தை அதற்கே விட்டுவிடுங்கள். அது உள்ளே ஒண்டியிருக்கும்போது யாரும் கையை நீட்டி வெளியே இழுக்கக்கூடாது.

இந்த ஊருக்கு அருகே ஒரு தாமானில் நான் கண்ட காட்சி ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு பெண் நாய், மெலிந்த கறுப்பு நாய், துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் இடையில் புகுந்துகொண்டு வெளியே வரவில்லை. இரவில் விளக்கணைத்த பிறகு மட்டும் தட்டு காலியாகும். அந்த வீட்டு அக்கா அதைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார். தினமும் மாலையில் அதே நேரத்தில் ஒரு சின்ன முக்காலியைப் போட்டு, நாய்க்குப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளிச் சுத்தம் செய்வார். நாயைப் பார்க்க மாட்டார். நடுநடுவே, உப்பில்லாமல் அவித்த கோழித் துண்டு ஒன்றைப் பின்னால் தரையில் வைப்பார். கை உடனே முன்னால் வந்துவிடும். முதலில் மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. பின்பு ஒரு முன்னங்கால். பிறகு ஒருநாள் அது வந்து அவருடைய முழங்கையை முகர்ந்தது. அவர் அப்போதும் திரும்பவில்லை, கருவாட்டைக் கிள்ளிக்கொண்டே இருந்தார். நாயைப் பழக்குவது பற்றி எனக்குத் தெரிந்த அனைத்தும் அந்த முக்காலியில் இருந்தது. எப்போது நெருங்குவது என்பதை நாயே தீர்மானித்தது. அதனால்தான் அது நெருங்கியது.

உணவையும் அவசரமாக மாற்றாதீர்கள். முன்பு என்ன சாப்பிட்டது என்று கேட்டு, அதையே தொடர்ந்து கொடுத்து, ஒரு வார காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதிய உணவைக் கலந்து மாற்றினால் வயிற்றுப்போக்கு வராது. மிஞ்சிய குழம்பை ஊற்றிப் பிசைந்து வைப்பது நம் வீடுகளில் வழக்கம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. நம் குழம்பில் அவை இரண்டும் இல்லாத நாள் இல்லை. வெந்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். வெறும் சோறும் அவித்த கோழியும் போதும்.

நான் மிகவும் அஞ்சுவது ஓடிப்போவதைத்தான். முதல் வாரங்களில் தப்பிய நாய் நீங்கள் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாது, ஏனென்றால் அது இன்னும் அதன் பெயராகவில்லை. வேலியின் அடிப்பகுதியைக் குனிந்து பாருங்கள். கார் நுழையும்போது கேட் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்று கவனியுங்கள். வெளியே நடத்திச் செல்லும்போது கழுத்துப் பட்டை ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். பயந்த நாய் பின்னோக்கி இழுத்துத் தலையை உருவிக்கொள்ளும். மார்பைச் சுற்றிக் கட்டும் வாரும் வேண்டும். நம் ஊரில் தப்பிய நாய் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் செம்பனைக்காடு. அங்கே மரத்தடியில் எலிக்கு வைக்கும் விஷக்கட்டி இருக்கலாம். இரத்தத்தை உறையவிடாமல் செய்யும் விஷம் அது. தின்ற அன்று ஒன்றும் தெரியாது, சில நாட்கள் கழித்து ஈறு வெளுத்து, உள்ளுக்குள்ளேயே இரத்தம் கசியும். நேரத்தோடு மருத்துவரிடம் சேர்த்தால் வைட்டமின் கே கொடுத்துக் காப்பாற்றலாம். ஆகவே, ஓடிப்போய்த் திரும்பிய நாய் நன்றாகத் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரே ஒரு விதியைக் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: சாப்பிடும் நாயையும் தூங்கும் நாயையும் யாரும் தொடக்கூடாது. நாய் உறுமினால் அதற்காக அதை அடிக்காதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை. "தள்ளிப்போ" என்று அது மரியாதையாகச் சொல்லும் முறை. எச்சரித்ததற்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை எச்சரிக்காமல் கடித்துவிடும்.

உடல்நலத்துக்காக முதல் வாரத்திலேயே மிருக மருத்துவரைப் பாருங்கள். நம் நாட்டு வெப்பத்தில் உண்ணிக் காய்ச்சல் மிகவும் சாதாரணம். சோர்ந்து கிடக்கும் நாய் ஏக்கத்தில் கிடக்கிறதா, காய்ச்சலில் கிடக்கிறதா என்பதை இரத்தப் பரிசோதனைதான் சொல்லும். கொசு பரப்பும் இதயப்புழுவையும் சோதித்துவிட்டு, மாதாந்தரத் தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும். குட்டிகளைப் பார்வோ என்னும் வைரஸ் நோய் தாக்கினால் சில நாட்களிலேயே உயிர் போய்விடலாம். தடுப்பூசிச் சுற்று முழுமையாக முடியாமல் பிற நாய்கள் திரியும் இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். 2015ஆம் ஆண்டில் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களிலும், 2017 முதல் சரவாக்கிலும் வெறிநாய்க்கடி நோய் தலையெடுத்ததை மறந்துவிடாமல், அதற்கான ஊசியையும் மருத்துவரிடம் கேளுங்கள். கருத்தடை பற்றி நான் நீட்டிப் பேசப் போவதில்லை. செம்பனைக்குள் பிறக்கும் குட்டிகளைப் பார்த்தவர்களுக்கு அது தேவையா என்ற கேள்வி எழாது.

அண்டை வீட்டாரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் தாமான்களில் பக்கத்து வீடு இஸ்லாமியர் வீடாக இருக்கும். நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் சமய முறைப்படி கழுவித் தூய்மை செய்ய வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு. நாய் வருவதற்கு முன்பே போய்ப் பேசுங்கள், வேலிக்குள்ளேயே இருக்கும், உங்கள் வாசலுக்கு வராது என்று உறுதி சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். நகராண்மைக் கழகத்தில் உரிமம் எடுத்துத் தகட்டைக் கழுத்தில் கட்டிவிடுங்கள். வீட்டின் வகையைப் பொறுத்து எத்தனை நாய் வளர்க்கலாம் என்பதற்கு வரம்பு இருக்கலாம். அதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வருந்தத்தக்க ஒரு வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. திருடனுக்குப் பயந்து நாயை வாங்கி, கேட்டருகே குட்டைச் சங்கிலியில் கட்டி, வெயிலிலும் மழையிலும் அப்படியே விட்டுவிடுவது. 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், பொருத்தமான இருப்பிடம், உணவு, இயல்பாக நடந்துகொள்ள வாய்ப்பு, வலியிலிருந்தும் நோயிலிருந்தும் பாதுகாப்பு ஆகியவற்றை உரிமையாளரின் கடமையாக்கியிருக்கிறது. விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்று ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அதில் இடம் உண்டு. சட்டத்துக்குப் பயந்தாவது சங்கிலியை அவிழுங்கள் என்று நான் கேட்கத் தயங்கமாட்டேன். நாள் முழுக்கக் கட்டிக் கிடக்கும் நாய், தான் யாரைக் காக்கிறோம் என்பதையே அறியாது. வருகிற எல்லாரையும் பார்த்து அஞ்சிக் குரைக்கும்.

மண்டபத்தின் பின்புறம், பெருமரத்து நிழலில், வீடு தேடும் நாய்கள் சில இருக்கின்றன. தூரத்தில் நின்று பாருங்கள்; எந்த நாய் வேண்டும் என்று பெயரைக் கொடுத்துச் செல்லுங்கள். ஆனால் ஒன்றையும் இன்றே கையோடு அனுப்பமாட்டோம். எங்கள் குழுவினர் உங்கள் வீட்டுக்கு வந்து வேலியையும் கேட்டையும் பார்ப்பார்கள். வீட்டில் உள்ள அனைவருக்கும் சம்மதமா என்று கேட்பார்கள். தீபாவளி நெருங்கிவிட்டதால், பட்டாசுச் சத்தம் ஓய்ந்து ஒரு வாரம் ஆன பிறகுதான் நாய்களை ஒப்படைப்போம். வெடிச்சத்தத்தில் கூரையைப் பிய்த்துக்கொண்டு ஓடும் விலங்கை, புதிய வீட்டில் முதல் இரவே அந்தச் சோதனைக்கு உள்ளாக்க எங்களுக்கு மனமில்லை. ஏற்கெனவே நாயை அழைத்துச் சென்றவர்கள், தீபாவளி இரவில் அதை உள்ளறையில் வைத்து, சன்னலை மூடி, ஒருவர் மட்டும் அதன் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். சந்தேகம் எதுவானாலும், இரவு எந்நேரமானாலும், நாயைத் திருப்பிக் கொண்டுவருவது என்று முடிவெடுப்பதற்கு முன்னால் எங்களை அழையுங்கள். நன்றி, வணக்கம்.