யாரைக் கேட்டு நாள் வைத்தீர்கள்?

(ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில், வீடு தேடிப் போய் மருத்துவம் பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத் தன்னார்வலர்கள் கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம்.

நான் இந்தக் கரையில் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். பாம்பன் பக்கத்தில் ஒரு தடவை சர்க்கரை, பிரஷர் முகாம் போட்டோம். பந்தல், நாற்காலி, மாத்திரை எல்லாம் தயார். வந்ததோ வயதானவர்கள் ஏழெட்டுப் பேர். அன்றைக்கு அமாவாசைக்கு மறுநாள். நீர் நன்றாக வற்றும் நாள் என்று பெண்களெல்லாம் விடியுமுன்னே கடல்பாசி எடுக்கப் போய்விட்டார்கள். மத்தியானத்துக்கு மேல் ஓர் அக்கா கரையேறி வந்தார். விரல்களில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். பாறை கிழித்த கோடுகள், உப்பில் ஊறி வெளுத்த தோல். "நாங்க கடல்ல கிடக்கிற நாளாப் பார்த்து வாறீகளே நர்சம்மா, யாரைக் கேட்டு நாள் வச்சீக?" என்றார்.

யாரையும் கேட்கவில்லை. இன்றுவரை எனக்கு அது உறுத்துகிறது.

மருந்து, பணம், ஆள் எல்லாம் வேண்டியதுதான். ஆனால் நம் கரையில் நாள்தான் முதலில் இடிக்கிறது. பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு. கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிப் போனவர் மறுநாள் காலையில்தான் திரும்புகிறார். அவர் வீட்டுக் கதவைப் போன அன்றே தட்டிவிட்டு 'ஆள் இல்லை' என்று எழுதி வைத்தால் எப்படி? 2021-இல் தொடங்கிய நம் திட்டத்தின் பெயரே மக்களைத் தேடி மருத்துவம். படகு கரைக்கு வரும் நேரமும் தெரிந்தால்தானே தேடிப் போக முடியும்?

அப்புறம் நம்பிக்கை. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று நடந்த தீ விபத்தை மறக்க முடியுமா? சங்கிலியில் கட்டிவைத்திருந்த மனநோயாளிகள் 28 பேர் மாண்டார்கள். அதற்குப் பின்னும் மனநோய் தீர வேண்டிக் குடும்பங்கள் ஏர்வாடி தர்காவுக்கு வருவது நிற்கவில்லை. துஆவை, அதாவது பிரார்த்தனையை, விட்டுவிட்டு வைத்தியத்துக்கு வாருங்கள் என்று சொல்லியிருந்தால் ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள். துஆவோடு மருந்தும் இருக்கட்டும் என்று மனநல மருத்துவரே தர்காவுக்குப் போனதுதான் சரியான வழி.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கேரளாவுக்கு வேலைக்குப் போகாத விசைப்படகுக்காரர்கள் கரையில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டு இருப்பார்கள். பிரஷர் பார்க்கும் கருவியை அங்கேயே எடுத்துப் போங்கள். பாசி எடுக்கும் பெண்களின் முகாமுக்கு மட்டும் நீங்கள் நாள் குறிக்க வேண்டாம். காலண்டரை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.