எலும்பைப் படித்துப் பிழைக்க முடியுமா? மண்டபத்திலிருந்து வந்த ஒரு தந்தையின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். சென்ற காணொளியைப் பார்த்துவிட்டு, இராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரைச் சேர்ந்த மீனவர் ஒருவர் குரல் பதிவாகத் தம் சந்தேகத்தை அனுப்பியிருக்கிறார். அவருடைய மகள் நிலவியலில் முதுநிலைப் படிப்பை முடிக்கும் நிலையில் இருக்கிறார். அடுத்ததாகப் பாலூட்டிகளின் புதைபடிவங்களை, அதாவது பாறையில் பதிந்து கிடக்கும் பழைய எலும்புகளையும் பற்களையும், ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற விரும்புகிறார். நம் கரையிலேயே ஆவுளியா என்னும் கடற்பசுவும் திமிங்கலமும் செத்து ஒதுங்கும்போது எலும்பைத் தேடிக் குஜராத்தின் கட்ச் வரை ஏன் போக வேண்டும், இந்தப் படிப்பு எப்போது முடியும், முடிந்த பிறகு அது சோறு போடுமா என்று கேட்கிறார். மகளைத் தடுக்கவும் மனமில்லை, ஒன்றும் தெரியாமல் அனுப்பவும் மனமில்லை என்று அவர் சொன்னதை நான் மதிக்கிறேன். இதே கரையில் பிறந்து, கட்ச்சின் கடற்பசுப் புதைபடிவங்களை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், ஐயா, எனக்குத் தெரிந்ததை மறைக்காமல் சொல்கிறேன்.

நம் மாவட்டத்துக் கரையில் கண்ணுக்குத் தெரியும் நிலம் வயதில் மிக இளையது. தேரி எனப்படும் செம்மணல், மணல்மேடுகள், பாம்பனிலும் இராமேசுவரத்திலும் கடல் மட்டத்துக்கு மேலே நிற்கும் பழைய பவளப்பாறை ஆகியவற்றின் வயதை ஆயிரங்களில்தான் எண்ண வேண்டும். கோடி ஆண்டுகள் பழைய படிவுகள் நமக்கும் உண்டு; ஆனால் அவை எரிவாயுவுக்கு ஆழ்துளை போடும் ஆழத்தில் கிடக்கின்றன. கட்ச்சிலோ நான்கு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடல் படிவும், இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடல் படிவும் மேலே வெளிப்பட்டு, மழையும் மரமும் குறைந்த அந்த நிலத்தில் நடந்து போகிறவர் காலடியில் எலும்பைக் காட்டுகின்றன. அங்கே போவதற்குக் காரணம் இவ்வளவுதான்.

அந்த எலும்புகள் சொல்லும் செய்தி நம் கடலைப் பற்றியது என்பதை நீங்கள் அறிய வேண்டும். இன்று மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் கடற்புல் மேயும் ஆவுளியா ஒரே ஓர் இனம். இந்தியக் கடலில் வேறு கடற்பசு இனமே இல்லை. ஆனால் ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன், கட்ச் இருந்த இடத்தின் ஆழமற்ற கடலில் ஒன்றுக்கு மேற்பட்ட கடற்பசு இனங்கள் ஒரே காலத்தில் ஒரே மேய்ச்சல் நிலத்தைப் பகிர்ந்து வாழ்ந்தன. பாரதிசைரன், குச்சிசைரன், டோம்னிஞ்சியா என்று அவற்றுக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். இனத்துக்கு இனம் தந்தத்தின் பருமனும் வடிவமும் வேறுபடுகின்றன. முகத்தின் முன்பகுதி கீழ்நோக்கி வளைந்திருக்கும் கோணமும் வேறுபடுகிறது. ஓர் இனம் தடித்த வேர்க்கிழங்குள்ள புல்லைத் தோண்டித் தின்றிருக்க, இன்னொன்று மென்மையான புல்லை மேய்ந்திருக்கக்கூடும் என்று இதிலிருந்து ஊகிக்கிறோம். அமெரிக்காவின் புளோரிடாவிலும் மெக்சிகோவிலும் கிடைத்த புதைபடிவங்களோடு நம் கட்ச் எலும்புகளை ஒப்பிட்டு 2012இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பல இனங்கள் சேர்ந்து மேய்ந்த இடத்தில் ஒன்றே ஒன்று மட்டும் எஞ்சியிருக்கும்போது கடற்புல் வெளிக்கு என்ன நேர்கிறது என்பது இன்று உயிரோடிருக்கும் ஆவுளியாவைக் காக்க நினைப்பவர் எவருக்கும் வேண்டிய கேள்வி. 2022இல் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்ததே, அந்த முயற்சிக்குப் பின்னால் நிற்க வேண்டிய நெடுங்கால வரலாறு கட்ச்சின் பாறையில் இருக்கிறது.

ஆகவே நம் கரையில் ஒதுங்கும் எலும்பு பயனற்றது என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். புதைபடிவத்தில் முழு எலும்புக்கூடு கிடைப்பது மிக அரிது. பெரும்பாலும் ஒரு பல், ஒரு விலா எலும்புத் துண்டு, காதெலும்பு, இவைதான் கையில் வரும். வலையில் ஒட்டிய ஒற்றைச் செதிலைப் பார்த்து இது இன்ன மீன் என்று நீங்கள் சொல்வதுபோல, ஒற்றைப் பல்லைப் பார்த்து இது இன்ன விலங்கு என்று சொல்லப் பழகுவதுதான் எங்கள் தொழிலின் உயிர்நாடி. பாலூட்டியின் கடைவாய்ப் பல்லில் மேடும் பள்ளமும் இனத்துக்கு இனம் மாறும். எனாமல் உடம்பிலேயே மிகக் கடினமான பொருளாதலால் அழியாமல் தங்கும். கடற்பசுவின் விலா எலும்போ நடுவில் மஜ்ஜைக்கு இடமில்லாமல் கல்லைப்போல் இறுகியிருக்கும். அடியில் மேய்வதற்கு உடம்பைத் தாழ்த்தி வைக்கும் எடை அது. அதனாலேயே கடற்பசு விலாக்கள் பாறையில் ஏராளமாகக் கிடைக்கின்றன. இவற்றையெல்லாம் இனம் காண, இன்றைய விலங்கின் எலும்பு கண்ணுக்கும் கைக்கும் பழகியிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் பெறுவதற்கு மண்டபத்தைவிட வாய்ப்பான ஊர் இந்தியாவில் அதிகம் இல்லை. 1947இல் தொடங்கப்பட்டு மண்டபத்திலும் இயங்கிவரும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் கரையொதுங்கிய ஆவுளியா, ஓங்கில் (டால்பின்), திமிங்கலம் ஆகியவற்றின் நீளம், ஆணா பெண்ணா என்பது, ஒதுங்கிய இடம் ஆகியவற்றைப் பல பத்தாண்டுகளாகப் பதிவுசெய்து வந்திருக்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆவுளியா 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு. செத்து ஒதுங்கினாலும் அதன் பல்லையோ எலும்பையோ எடுத்து வீட்டில் வைப்பது குற்றம். படிப்புக்காக எடுத்தேன் என்றாலும் சட்டம் ஏற்காது. வனத்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும்; கால்நடை மருத்துவர் வந்து உடற்கூறாய்வு செய்வார்; அதன்பின் பெரும்பாலும் கரையிலேயே புதைத்துவிடுவார்கள். உங்கள் மகள் தம் கல்லூரியின் கடிதத்தோடு முன்கூட்டியே விண்ணப்பித்து, அந்த ஆய்வை உடனிருந்து பார்க்க அனுமதி கேட்கலாம். எந்தப் பாடநூலிலும் கிடைக்காத கல்வி அது.

இனி, எப்போது முடியும் என்ற கேள்வி. அது உங்களுக்குக் கவலை தருவது நியாயம். இந்தத் துறையில் கண்டெடுப்பதற்கும் புரிந்துகொள்வதற்கும் இடையே பெரிய காலம் ஓடுகிறது. ஜம்மு-காஷ்மீரின் காலாகோட்டில் ரங்கா ராவ் என்ற நிலவியலாளர் திரட்டிய எலும்புகளை வைத்து 1971இல் இந்தோஹியஸ் என்ற சிறு விலங்கு பெயர் பெற்றது. அவர் சேர்த்த கற்களில் பல உடைக்கப்படாமலேயே அவர் வீட்டில் இருந்தன. அவர் மறைந்த பின் அவருடைய மனைவியார் அவற்றை ஹான்ஸ் தெவிசன் என்ற ஆய்வாளரிடம் ஒப்படைத்தார். கல்லைச் செதுக்கும்போது காதெலும்பு தற்செயலாக உடைந்து, அதன் உட்சுவர் திமிங்கலங்களுக்கே உரிய முறையில் தடித்திருப்பது வெளிப்பட்டது. பூனையளவே இருந்த, குளம்புள்ள, நான்கு கால் விலங்கு ஒன்று திமிங்கலங்களுக்கு மிக நெருங்கிய உறவு என்று 2007 டிசம்பரில் உலகம் அறிந்தது. முப்பத்தாறு ஆண்டு இடைவெளி! டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்தைச் சேர்ந்ததாக இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்ட பாலூட்டியான டெக்கனோலெஸ்டிஸ், 1988இல் ஜி.வி.ஆர். பிரசாத், அசோக் சாஹ்னி ஆகியோரால் அறிவிக்கப்பட்டது. தெலங்கானாவின் நஸ்கல் பகுதி மண்ணை மூட்டை மூட்டையாக நீரில் அலசிச் சலித்து, எஞ்சியதை நுண்ணோக்கியில் பொறுக்கி எடுத்த, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பற்கள்தான் அதற்குச் சான்று.

உழைப்பு இப்படி மெல்ல நகர, கல்வி நிலையங்கள் ஆண்டுக்கு எத்தனை கட்டுரை என்று எண்ணுகின்றன. இதுவே எங்கள் வாழ்க்கையின் பெரிய முரண். வேதியியல் மாணவர் இரண்டு கட்டுரை வெளியிடும் காலத்தில், எங்கள் மாணவர் பாறையிலிருந்து ஒரு தாடையை விடுவித்து முடித்திருப்பார். அந்தத் தாடைக்குப் பெயரிட, அதே குழுவில் முன்பு பெயரிட அடிப்படையாக வைத்த எலும்புகளான மூல மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். 1830களில் பிரிட்டிஷ் ஆய்வாளர்களான ஃபால்கனரும் காட்லியும் இமய அடிவாரத்துச் சிவாலிக் மலையில் திரட்டியவற்றில் பெரும்பகுதி இலண்டனில் இருக்கிறது. நம் மண்ணின் விலங்கை இனம் காண நாம் விசா எடுத்துப் போக வேண்டியிருப்பது எனக்கு இன்றும் வலிக்கிறது. அயல்நாட்டு மாதிரியை நேரில் பார்க்கவில்லை என்று என் கட்டுரை ஒன்று திரும்பி வந்தது. கட்டுரையை மதிப்பிட்டவர் கேட்டது அறிவியல்படி சரி; பயணத்துக்குப் பணம் தர எந்தத் திட்டமும் அப்போது எனக்கு இல்லை.

பாடத்துறைகளின் வேலியும் ஒரு தடை. இந்தியாவில் புதைபடிவவியல் நிலவியல் துறைக்குள் இருக்கிறது. நிலவியல் மாணவருக்குப் பாறை தெரியும், எலும்பு கற்பிக்கப்படுவதில்லை. விலங்கியல் மாணவருக்கு எலும்பு தெரியும், பாறை கற்பிக்கப்படுவதில்லை. இரண்டையும் தம் முயற்சியால் கற்றவர் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும்போது, பட்டத்தின் பெயர் பொருந்தவில்லை என்று விலக்கப்படுவதை நான் பார்த்திருக்கிறேன். இந்தத் தேர்வு முறை மாற வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பணத்தைப் பொறுத்தவரை, ஆய்வு உதவித்தொகைக்கான தேசியத் தகுதித் தேர்வான சிஎஸ்ஐஆர் நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால், 2023 ஜனவரி முதல் உள்ள விகிதப்படி முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், பின்னர் 42,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் கிடைக்கும். மொத்தம் ஐந்து ஆண்டுகள். உதவித்தொகை மாதந்தோறும் தவறாமல் வரும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். எனக்கு மாதக்கணக்கில் தாமதமானபோது வீட்டில் நகை அடகுக்குப் போனது. இந்த உதவித்தொகை இல்லாமல் சொந்தப் பணத்தில் ஆய்வு செய்ய அனுப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவருடைய ஆர்வம் குறைவு என்று பொருளல்ல, ஐயா. களப்பயணமும் ஆய்வகமும் குடும்பத்தின் சேமிப்பைத் தின்றுவிடும்.

வேலை உண்டு, ஆனால் இடங்கள் குறைவு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை, இலக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனம், டேராடூனின் வாடியா நிறுவனம், சில பல்கலைக்கழகங்கள், நம் அரசுக் கல்லூரிகளின் நிலவியல் துறைகள் ஆகியவற்றைச் சொல்லலாம். இவற்றுள் புவியியல் ஆய்வுத் துறைக்கு மத்திய தேர்வாணையத்தின் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு வழியாகச் செல்ல வேண்டும். பொதுப்பிரிவுக்கு 32 வயது வரம்பு. ஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. ஆய்வு முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வயது கடந்துவிடும். ஆகையால் முதுநிலை முடிந்த ஆண்டிலிருந்தே அந்தத் தேர்வையும் எழுதிவரச் சொல்லுங்கள். அந்த வேலை கிடைத்த பின்னும் பகுதிநேரமாக முனைவர் பட்டம் பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

பெண்பிள்ளையைக் கட்ச்சுக்கு எப்படி அனுப்புவது என்று நீங்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் குரலில் அது இருந்தது. களப்பணி பெரும்பாலும் நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில், குழுவாகவே நடக்கும். பெண் ஆய்வாளர்கள் பலர் அங்கே வேலை செய்கிறார்கள். ஆய்வு வழிகாட்டியான பேராசிரியரிடம் மகளே நேரில் கேட்க வேண்டியவை சில: தங்குமிடமும் கழிப்பறையும் எப்படி, குழுவில் வேறு பெண்கள் உண்டா, வண்டிச் செலவு யாருடையது, அவர் கண்டெடுக்கும் மாதிரி எந்தச் சேகரிப்பில் எந்த எண்ணோடு வைக்கப்படும், கட்டுரையில் அவர் பெயர் எந்த இடத்தில் வரும். இவற்றுக்குத் தெளிவாக விடை சொல்லாத வழிகாட்டி எவ்வளவு புகழ் பெற்றவராக இருந்தாலும் வேண்டாம்.

கண்டெடுத்த இடத்தைக் குறித்து வைக்கும் ஒழுக்கத்தையும் இப்போதே பழகட்டும். இமயமலையில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட பல புதைபடிவங்கள் உண்மையில் வேறு நாடுகளிலிருந்து வந்தவை என்று 1989இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஜான் டேலண்ட் வெளிப்படுத்தியபோது, இந்தியத் தொல்லுயிரியல் முழுவதுமே சந்தேகத்துக்கு உள்ளானது. அந்தப் பழியைப் பின்னால் வந்த நாங்கள் ஒவ்வொரு கட்டுரையிலும் சுமந்தோம். இடம், அடுக்கு, தேதி, எடுத்தவர் பெயர் ஆகியவை இல்லாத எலும்பு அறிவியலுக்கு உதவாது.

என் கருத்தைக் கேட்டால், அனுப்புங்கள் என்றே சொல்வேன். நெட் தேர்விலும் புவி அறிவியலாளர் தேர்விலும் ஏதேனும் ஒன்று கைகூடிய பிறகு அனுப்புங்கள். அடுத்த குரல் பதிவில் மகளையும் பேசச் சொல்லுங்கள். எந்த வழிகாட்டியிடம், எந்த விலங்குக் குழுவில் சேர நினைக்கிறார் என்று தெரிந்தால், அதற்கு வேண்டிய ஒப்பீட்டு மாதிரிகள் இந்தியாவில் எங்கே இருக்கின்றன என்பதை அடுத்த காணொளியில் விளக்குகிறேன்.