ஏற்காட்டு நிழலும் கலர் ஃபிலிமும்

(சேலத்தில் புகைப்படக்காரர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். கலர் ஃபிலிமைப் பற்றிப் பேசுவதற்குச் சேலத்தைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. ஏற்காடு சாலையில் இன்றும் நிற்கிறதே மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு, அந்த நிறுவனத்திலிருந்துதான் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் வெளிவந்தது. டி.ஆர். சுந்தரம் அதை எடுத்தது கேவாகலர் ஃபிலிமில். அந்தப் பெயரில் இன்று எந்தக் கடையிலும் ஒரு சுருள்கூட வாங்க முடியாது. ஒரு ஃபிலிம் நின்றுபோவது நம் ஊருக்குப் புதிய செய்தி அல்ல.

நின்றுபோன ஃபிலிமை நினைத்து ஏங்குகிறவர்கள் இந்த அரங்கிலேயே நிறையப் பேர் இருப்பீர்கள். நியாயமான ஏக்கம். ஆனால் எந்த ஃபிலிம் போனதால் எந்த வேலை நம் கையை விட்டுப் போனது என்று பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். அப்போதுதான் இருக்கிற ஃபிலிமில் அந்த வேலையைச் செய்யப் பார்க்கலாம்.

முதலில் கோடாக்ரோம். நெகட்டிவ் இல்லாமல் நேராக உண்மை நிறத்தில் படம் வரும் ஸ்லைடு ஃபிலிம் அது. 1935இல் வந்தது, 2009இல் கோடாக் நிறுத்தியது. அதன் படச்சுருளுக்குள் சாயம் உண்டாக்கும் பொருளே கிடையாது. ஃபிலிம் கழுவும் லேபில், படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனமான டெவலப்பர் மூன்று தனித்தனியாக வேண்டும், அவற்றின் வழியாகத்தான் சயான் என்ற பச்சைநீலம், மஞ்சள், மெஜந்தா என்ற ஊதாச்சிவப்பு மூன்று சாயமும் உள்ளே போகும். நடுவில் ஃபிலிமுக்குச் சிவப்பு வெளிச்சமும் நீல வெளிச்சமும் மறுபடி காட்ட வேண்டும். இதற்குத் தனி இயந்திரமும் ரசாயனம் தெரிந்த ஆளும் வேண்டும். கடைசியாக இதைச் செய்துகொண்டிருந்த அமெரிக்க லேப் 2010 டிசம்பர் முடிவோடு சுருள் வாங்குவதை நிறுத்தியது. கோடாக்கின் இன்னொரு ஸ்லைடு ஃபிலிமான எக்டாக்ரோம் கதை வேறு. 2012இல் நிறுத்தப்பட்டு, 2018இல் திரும்பி வந்தது. அதில் சாயப்பொருள் ஃபிலிமுக்குள்ளேயே இருக்கிறது, ஸ்லைடுகளை வழக்கமாகக் கழுவும் இ-6 முறையில் கழுவினால் போதும். திரும்பி வருமா, வராதா என்பதைப் பெரும்பாலும் ரசாயனம் தீர்மானிக்கிறது. நம் ஆசைக்கு அதில் பங்கு குறைவு.

ஏற்காட்டில் படம் எடுப்பவருக்கு உண்மையான இழப்பு ஃபியூஜியின் புரோ 400எச் என்ற கலர் நெகட்டிவ் ஃபிலிம். 2021 ஜனவரியில் நிறுத்தம் அறிவித்தார்கள். சாதாரண கலர் நெகட்டிவில் நீலம், பச்சை, சிவப்பு என்று ஒளியை உணரும் அடுக்குகள் மூன்றுதான். இதில் நான்காவதாக ஒன்று இருந்தது. அந்த நான்காம் அடுக்குக்கான மூலப்பொருள் கிடைப்பது கடினமாகிவிட்டது என்பதுதான் கம்பெனி சொன்ன காரணம். டியூப்லைட் போன்ற பச்சை கலந்த வெளிச்சத்திலும் நிறம் கெடாமல் இருக்கத்தான் அந்த அடுக்கு.

காபித் தோட்டத்து நிழலை நினைத்துப் பாருங்கள். மேலே சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக்கொடி, கீழே இடுப்புயரத்துக்குக் காபி இலை. அங்கே நிற்பவர் முகத்தில் விழுவது நேர் வெயில் அல்ல. மேலிருந்து வானத்தின் நீலம், நாலா பக்கமும் இலைகளின் பச்சை. சிவப்பு மிகக் குறைவு. நெகட்டிவில் சிவப்பை வாங்கும் அடுக்கு அடியில் இருக்கிறது. ஒளியை அளக்கும் மீட்டரில் ஃபிலிமின் வேகத்தை ஐஎஸ்ஓ 400 என்று வைத்து, பின்னால் தெரியும் வானத்தோடு சேர்த்து மீட்டர் பார்த்தால் அந்த அடுக்குக்குத் தீனியே போகாது. பிரிண்டில் கன்னத்தின் நிழல் பக்கம் சேறுபோலப் பச்சை தட்டும். ஸ்கேனில் எவ்வளவு மெஜந்தா ஏற்றினாலும் அது சரியாகாது, ஏனென்றால் நெகட்டிவில் அங்கே பதிவே இல்லை. லேபைக் குறை சொல்லிப் பயனில்லை.

அதனால் கோடாக்கின் போர்ட்ரா 400 நெகட்டிவுக்கு அந்த நிழலில் மீட்டரை 200 என்று வையுங்கள். மீட்டரை முகத்தின் இருண்ட பக்கத்தில் பாருங்கள். ஒரு ஸ்டாப் கூட்டுவது என்றால் வெளிச்சத்தை இரு மடங்காக்குவது. கலர் நெகட்டிவ் இரண்டு ஸ்டாப் கூடுதலைத் தாங்கும், குறைவை அந்த அளவுக்குத் தாங்காது. கூடவே ஒரு வெள்ளை வேட்டியை நான்காக மடித்து, ஆளுக்குக் கீழே இடுப்புயரத்தில் ஒருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். தாடைக்கு அடியில் ஏறும் இலைப்பச்சையை அது மறைக்கும், மேலிருந்து வரும் வெளிச்சத்தைத் திருப்பியும் அனுப்பும். நீலம் கலக்காத பழைய வேட்டியே நல்லது. சொட்டுநீலம் போட்டதென்றால் முகத்தில் நீலம் ஏறும். நான்காம் அடுக்கு செய்த வேலையில் பெரும்பகுதி இதிலேயே முடிந்துவிடும்.

மூடுபனியில் எல்லா ஃபிலிமுக்கும் ஒரே விதிதான். மீட்டர் பனியின் வெண்மையைச் சாம்பலாக்கப் பார்க்கும், ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள். கீழே வெள்ளைக்கல் சுரங்கப் பக்கம் எடுத்தாலும் இதே கதைதான். கிளியூர் அருவியில் நீண்ட எக்ஸ்போஷர் வைப்பவர்கள் ஸ்லைடில் கவனமாக இருக்க வேண்டும். ஃபியூஜியின் ஸ்லைடுகளில் வெல்வியா 50 நான்கு வினாடியிலேயே மூன்றில் ஒரு ஸ்டாப் கூடுதல் கேட்கும், நிறமும் சாயும். புரோவியா 100எஃப் 128 வினாடி வரை எதுவும் கேட்காது.

இப்போது விலை குறைவு என்று சினிமா ஃபிலிமைச் சுருட்டி விற்கிறார்கள். வாங்கும்போது பின்பக்கம் ரெம்ஜெட் என்ற கரும்பூச்சு இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கும் சுருளைச் சொல்லாமல் சாதாரண லேபில் கொடுத்தால் கரி அவர்கள் டேங்கில் கலந்து, அடுத்தவர் வீட்டுக் கல்யாண ரோலையும் கெடுக்கும். அது பெரிய பாவம்.

பழைய ஸ்டாக் வைத்திருப்பவர்களுக்கு: காலாவதியான கலர் நெகட்டிவுக்குப் பத்தாண்டுக்கு ஒரு ஸ்டாப் கூட்டுவது பொதுக்கணக்கு. ஃபிரிட்ஜில் இருந்ததற்கு அவ்வளவு வேண்டாம். சேலத்துச் சித்திரை வெயிலில் பீரோமேல் கிடந்ததற்கு அதுவும் போதாது. மூன்று அடுக்கும் ஒரே அளவில் கெடுவதில்லை, அதனால்தான் பழைய ஃபிலிமில் நிழல் ஒரு நிறமும் வெளிச்சம் இன்னொரு நிறமுமாக வருகிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த ரோலின் டப்பாவை ஒன்றரை மணி நேரம் திறக்காதீர்கள், ஃபிரீசர் என்றால் மூன்று மணி நேரம். உடனே திறந்தால் ஃபிலிம்மேல் ஈரம் படியும். எடுத்து முடித்த ரோலை மலையிலிருந்து இறங்கும்போது கார் டேஷ்போர்டில் வைக்காதீர்கள், அந்த வாரமே கழுவக் கொடுங்கள்.

வீட்டிலேயே கழுவுபவர்களுக்கு: கலர் நெகட்டிவைக் கழுவும் சி-41 முறையில் டெவலப்பர் 37.8 டிகிரி செல்சியஸ், 3 நிமிடம் 15 வினாடி. கால் டிகிரி ஏறி இறங்கினாலே பெரிய லேப்கள் கவலைப்படும். நம் ஊரில் கோடையில் தொட்டித் தண்ணீரே சூடாக வரும், அதை நம்பி தெர்மாமீட்டரை ஒதுக்காதீர்கள். டெவலப்பரில் நடந்த பிழையைத் திருத்த முடியாது. படத்திலிருந்து வெள்ளியை நீக்க உதவும் பிளீச் குறைந்துபோனால் திருத்தலாம். படத்தில் வெள்ளி தங்கி, நிறம் மங்கி, மாநிறமாகத் தெரிந்தால் புது பிளீச்சிலும் ஃபிக்ஸரிலும் மறுபடி போடுங்கள், நிறம் தெளியும். கடைசியில் வரும் ஸ்டெபிலைசரை மட்டும் டிஸ்டில்டு வாட்டரில் கலக்குங்கள். போர் தண்ணீரில் கலந்தால் காய்ந்ததும் உப்புப்புள்ளி படியும். அதிலிருந்து எடுத்த பிறகு தண்ணீரில் அலசாமல், அப்படியே தொங்கவிடுங்கள்.