தோலைப் பிடித்திருக்கும் வளையங்கள்: ஏழாம் வகைக் கொலாஜன்

[காட்சி: பச்சிளங்குழந்தையின் மணிக்கட்டு, மிக அருகில்]

பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குழந்தையின் கையிலிருந்து அடையாளப் பட்டையை அவிழ்க்கும்போது, பட்டை உரசிய இடத்தில் நீர் கோத்த கொப்புளம் எழும்பியிருக்கிறது. தூக்குவதற்காக அக்குளில் கை கொடுத்த இடத்திலும் தோல் கழன்று வந்துவிட்டது. இத்தனைக்கும் யாரும் முரட்டுத்தனமாகக் கையாளவில்லை. குழந்தையின் மேல்தோலை அடியில் பிடித்திருக்க வேண்டிய ஒரு புரதம் பழுதாகியிருக்கிறது. டிஸ்ட்ரோஃபிக் எபிடெர்மோலைசிஸ் புல்லோசா என்னும் பிறவித் தோல் நோய் இது.

[காட்சி: தோலின் குறுக்குவெட்டு]

தோலின் மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவில் அடிச்சவ்வு என்னும் மெல்லிய படலம் இருக்கிறது. கொலாஜன் என்பது திசுக்களைத் தாங்கிப் பிடிக்கும் புரதம். நம் உடலில் அறியப்பட்டுள்ள அதன் 28 வகைகளில், தோலுக்குத் திண்மை தருவதில் பெரும்பங்கு முதலாம் வகையுடையது. ஏழாம் வகை மிகச் சொற்பமாகவே இருக்கிறது என்றாலும், அடிச்சவ்வை உள்தோலோடு பிணைக்கும் வேலை அதனுடையது.

பேண்ட்டின் இடுப்பில் பெல்ட் நுழைப்பதற்கான வளையங்களை நினைத்துப் பாருங்கள். இரு முனைகளும் துணியோடு தைக்கப்பட்டிருக்க, பெல்ட் நடுவே நுழைந்து போகும். ஏழாம் வகை மூலக்கூறுகள் இரண்டிரண்டாக எதிரெதிர்த் திசையில் இணைந்து, அந்த இணைகள் பல கட்டாகச் சேர்ந்து, நங்கூர நார் எனப்படும் இத்தகைய வளையங்களாகின்றன. அவற்றின் முனைகள் அடிச்சவ்விலுள்ள லேமினின் 332 என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்ள, உள்தோலின் தடித்த நார்கள் வளையத்துக்குள் நுழைந்து செல்கின்றன.

[காட்சி: முறுக்கப்படும் மூன்று புரிகள்]

ஒவ்வொரு மூலக்கூறும், தலா 2,944 அமினோ அமிலங்கள் கொண்ட மூன்று ஒரே மாதிரியான சங்கிலிகளின் முப்புரிக் கயிறு. முறுக்கப்பட்ட பகுதியில் மூன்றாவது இடம்தோறும் கிளைசின் என்னும் அமினோ அமிலம் வர வேண்டும். கயிற்றின் மையத்தில் மிஞ்சும் இடுக்கில் அடங்குமளவுக்குச் சிறியது அது ஒன்றுதான். அங்கே வேறொன்று வந்து உட்கார்ந்தால் முறுக்கு குலைகிறது. இந்தப் புரதத்துக்கான மரபணுவுக்குத் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதிகள் உண்டு. ஒருவரிடமிருந்து வந்த பிரதியில் மட்டும் இந்தப் பிழை இருந்தாலும், நல்ல புரியும் பழுதான புரியும் கலந்தே முறுக்கப்படுவதால், எட்டில் ஒரு கயிறு மட்டுமே முழுக்க நல்ல புரிகளால் அமையும். மீதமுள்ளவை ஓரளவு பிடித்து நிற்பதால், இந்த வகை நோய் பெரும்பாலும் மிதமாகவே இருக்கிறது.

இரண்டு பிரதிகளும் பழுதாகும்போதுதான் நோய் கடுமையாகிறது. டிஸ்ட்ரோஃபிக் எபிடெர்மோலைசிஸ் புல்லோசாவின் இந்த ஒடுங்கு வகையில், புரதம் அறவே உருவாகாமலும் போகலாம். பெற்றோர் இருவரும் நோயின்றி இருந்துகொண்டே பழுதான பிரதியைச் சுமந்திருப்பார்கள். மாமன் மகள், அக்காள் மகள் என்று நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் குடும்பங்களில் ஒரே பிழை இருவரிடமும் இருக்க வாய்ப்பு கூடுகிறது. இதைச் சொல்வது எந்தத் தாயையும் குற்றவாளியாக்க அல்ல, அடுத்த கர்ப்பத்துக்கு முன் மரபணு ஆலோசனை பெறலாம் என்பதற்காகவே.

[காட்சி: கட்டுப் பிரிக்கும் கைகள்]

தோல் இங்கே அடிச்சவ்வுக்குக் கீழே பிரிவதால் ஒவ்வொரு புண்ணும் தழும்பாகவே ஆறுகிறது. தழும்பின் மேல் தழும்பு ஏறி விரல்கள் ஒட்டிக்கொள்கின்றன, உணவுக்குழாய் சுருங்குகிறது, ஆறாத புண்களில் இளம் வயதிலேயே செதிள் செல் புற்றுநோய் என்னும் தோல் புற்றுநோய் தோன்றுகிறது. வீட்டில் அன்றாடம் நடப்பது என்னவென்றால், ஒட்டிய கட்டை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பசை இல்லாத சிலிக்கோன் துணியை அங்குலம் அங்குலமாக எடுத்து, புதுக் கொப்புளத்தைத் தூய ஊசியால் குத்தி நீரை வடித்து, மேல்தோலைக் கிள்ளி எறியாமல் அப்படியே மூடி வைப்பது. இதற்குப் பல மணி நேரம் ஆகலாம்.

மரபணுவில் பிழையே இல்லாத பெரியவர்களுக்கும் இதே புரதத்தால் நோய் வரலாம். உடலின் எதிர்ப்பாற்றல் ஏழாம் வகைக் கொலாஜனையே அந்நியமாகக் கருதித் தாக்கும்போது, உராய்வு படும் இடங்களில் கொப்புளங்கள் எழுகின்றன. இங்கே எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளே சிகிச்சை.

கொலாஜன் பொடி சாப்பிட்டால் சரியாகுமா என்று பெற்றோர் கேட்பது இயல்புதான். வயிற்றில் அது செரித்துச் சிறு துண்டுகளாகிவிடும். நங்கூர நாராக மாறாது. செல்லுக்குத் தேவை சரியான மரபணு. அதன் குறியீடு மிக நீளமானதால், மரபணு சிகிச்சையில் வழக்கமாகப் பயன்படும் சிறிய வைரஸ்களில் அடங்காது. எனவே பெருகும் திறன் நீக்கப்பட்ட ஹெர்பிஸ் வைரஸில் அதை வைத்து, புண்ணின் மேல் வாரம் ஒருமுறை இடும் களிம்பாக்கினார்கள். 31 பேர் பங்கேற்ற ஆய்வில், ஆறு மாதங்களில் இக்களிம்பு இட்ட புண்களில் 67 சதவீதமும், மருந்தில்லாக் களிம்பு இட்டவற்றில் 22 சதவீதமும் முழுமையாக மூடின. 2023 மே மாதம் அமெரிக்கா இதற்கு அனுமதி அளித்தது. வைரஸ் கொண்டுவரும் மரபணு செல்லின் குரோமோசோமில் சேராததாலும், தோல் செல்கள் உதிர்ந்துகொண்டே இருப்பதாலும் மீண்டும் மீண்டும் இட வேண்டியிருக்கிறது. 2025-இல் அங்கே அனுமதி பெற்ற இன்னொரு முறையில், நோயாளியின் சொந்தத் தோல் செல்களிலேயே மரபணுவைச் சேர்த்து, தாள் போல வளர்த்துப் புண்ணின் மேல் தைக்கிறார்கள்.

[காட்சி: கஞ்சிக் கிண்ணமும் சிறு கரண்டியும்]

உணவுக்குழாய்ப் புண்ணுக்கு இந்தக் களிம்போ தோல் தாளோ எட்டுவதில்லை. சுருங்கிய குழாயை மருத்துவர்கள் பலூன் செலுத்தி விரிக்கிறார்கள். அது மறுபடி சுருங்கினால் மறுபடி விரிக்கிறார்கள். நடுவில் உள்ள மாதங்களில் அந்தக் குழந்தை குழைந்த சோற்றையும் ஆறிய கஞ்சியையும் சிறு சிறு வாயாக விழுங்குகிறது.